மணி அண்ணனும் புது வாலும்!



உங்க காலேஜ் கேன்டீன் வாசல்ல ஒரு ஆறேழு மாச நாய்க்குட்டி இருக்குமே... பரோட்டா கவரை இழுக்கும், துப்பட்டாவைக் கடிக்கும், ஹெச்.ஓ.டி. பைக்கைத் துரத்தும். கல்லூரி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் வளாகங்கள்ல இருக்கிற தெருநாய்களைப் பிடிச்சு காப்பகத்துல விடணும், பிடிச்ச இடத்துலயே திரும்ப விடக் கூடாதுன்னு 2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. ‘பேசாம நாமளே வீட்டுக்குக் கொண்டு போயிட்டா என்ன?’ன்னு உங்களுக்குத் தோணியிருக்கலாம். கொள்ளாம், நல்ல மனசு!

ஆனா வீட்டுத் திண்ணையில எட்டு வயசு மணி அண்ணன் படுத்திருக்காரே, அவர்கிட்ட பெர்மிஷன் வாங்கியாச்சா? குட்டியை நேரா நடு வீட்டுல இறக்கி விட்டா அஞ்சாவது நிமிஷம் சண்டை. அஞ்சாவது நாள் அம்மா, “எடுத்த எடத்துலயே கொண்டு விட்டுரு மக்கா”ம்பாங்க. பாவம், குட்டிக்கு மறுபடியும் ரோடுதான். அதனால பைய, ஒவ்வொரு ஸ்டெப்பா போவோம்.

முதல்ல டாக்டர்: பக்கத்து கால்நடை மருத்துவமனையில காட்டி ரேபிஸ், பார்வோ தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் கேட்டுக்கங்க. மணிக்கும் ஊசி பாக்கி இருந்தா போட்டுடுங்க. முதல் ரெண்டு வாரம் குட்டிக்குத் தனி ரூம், தனித் தட்டு. பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும். உங்க செருப்புலயே மணிகிட்ட வந்துரும். ஜாக்கிரதை!

அடுத்து வாசனை: குட்டி படுத்த துணியை மணிகிட்டயும், மணி படுத்த சாக்கை குட்டிகிட்டயும் போடுங்க. பார்க்கிறதுக்கு முன்னாடியே மூக்கு வழியா அறிமுகம் ஆகிடும்.

முதல் சந்திப்பு வீட்டுல வேண்டாம்: வீடு மணியோட கோட்டை. நாஞ்சில் நாட்டுல குளத்தங்கரைக்கா பஞ்சம்? வேற தெருநாய் இல்லாத கரையாப் பாருங்க. குட்டியை முதல்ல நல்லா ஓட விட்டு, கொஞ்சம் டயர்டாக்கிக் கூட்டிட்டு வாங்க. ஆளுக்கொரு நாய், தளர்வான கயிறு. பத்தடி இடைவெளியில ஒரே திசையில நடங்க. ரெண்டும் ரிலாக்ஸானா இடைவெளியைக் குறைங்க. மூணு செகண்ட் மோந்து பார்க்கட்டும், அப்புறம் நடையைக் கட்டுங்க.

உடம்பு விறைச்சு, முறைச்சுப் பார்த்து, முதுகு முடி நட்டுக்கிட்டா உடனே விலக்குங்க. முன்னங்காலைத் தாழ்த்தி பின்பக்கத்தைத் தூக்கினா... ‘விளையாட வாடே’ன்னு அர்த்தம்!

மணி உறுமினா அடிக்காதீங்க. ‘ஓவரா போறே தம்பி’ங்கிற வார்னிங் அது. அதை அடக்கினா அடுத்த தடவை வார்னிங் இல்லாமலே கடி விழும். அதட்டாம குட்டியைத் தள்ளிக் கூட்டிட்டுப் போங்க.

வீட்டுக்குள்ள: சாப்பாடு, தடவல் எல்லாம் மணிக்குத்தான் ஃபர்ஸ்ட். தட்டும் படுக்கையும் தனித்தனி. எலும்பு, பந்து நடுவுல கிடக்கக் கூடாது. அவிச்ச சாளையை முள் எடுத்துப் போடலாம். ஆனா மீன் குழம்பு நோ! வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. நீங்க காலேஜ்ல இருக்கிற நேரம் ரெண்டையும் தனித்தனியா அடைச்சு வைங்க. குட்டிக்குக் கருத்தடை எப்போன்னும் டாக்டர்கிட்ட கேளுங்க.

சண்டை வந்தா நடுவுல கையை விடாதீங்க. தண்ணியை ஊத்துங்க, தட்டை டமார்னு தட்டுங்க. கடியோ கீறலோ பட்டா, வீட்டு நாய்தானேன்னு விடாம, 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரி. சொல்ற தேதியில எல்லா ஊசியும் போட்டு முடிக்கணும்.

சில நாய் ரெண்டு நாள்ல ஒண்ணா தூங்கும். சிலது ரெண்டு மாசம் எடுக்கும். செமஸ்டர் எக்ஸாம் நேரத்துல ஆரம்பிக்காதீங்க. அவ்வளவு நாள் பொறுமை இருக்காதுன்னு தோணுச்சா? தப்பே இல்லை. குட்டியை வீட்டுல நாய் இல்லாத ஒரு ஃப்ரெண்டுகிட்ட சேர்த்து விடுங்க. அதுவும் ரெஸ்க்யூதான்.

அடுத்த வாரம் பார்ப்போம், மக்கா!