பாவாடை கட்டிக்கொண்டு ஏறிய சிகரம்

மலை என்று சொன்னதும் கம்பளிப் போர்வையும் கொதிக்கக் கொதிக்கக் காப்பியும் ஞாபகம் வருகிறவர்கள் நம்மில் அதிகம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, “ஆஹா, என்ன அழகு!” என்று சொல்லிவிட்டால் நம் கடமை தீர்ந்தது. அதிலே தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஜன்னலை விட்டு எழுந்து, வாசற்படி தாண்டி, அந்தச் சிகரத்தின் தலையிலேயே போய் நின்ற பெண்மணிகளும் உண்டு. இந்த வாரம் அவர்களைப் பற்றிப் பேசலாம், வாருங்கள்.

ஸ்விட்ஜர்லாந்தின் தென்கோடியில், இத்தாலி எல்லைக்குப் பக்கத்தில், ஸெர்மாட் என்று ஒரு கிராமம் இருக்கிறது. உயரம் சுமார் 1,600 மீட்டர். அங்கே பெட்ரோல் மோட்டாருக்கு இடம் கிடையாது. காரில் போகிறவர்கள் கீழே டாஷ் என்ற ஊரில் அதை விட்டுவிட்டு ரயிலில்தான் வரவேண்டும். ஊருக்குள் ஓடுவதெல்லாம் சின்னச் சின்ன மின்சார வண்டிகள். கிராமத்தின் பழைய பகுதியில் வெயில் பட்டுக் கறுத்துப் போன மரக் குதிர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு குதிரும் குட்டையான கால்களின் மேல் நிற்கிறது. காலுக்கும் குதிருக்கும் நடுவே ஆட்டுக்கல் மாதிரி வட்டமாக ஒரு தட்டைக் கல். எதற்குத் தெரியுமா? கால் வழியாக ஏறி வருகிற எலி, அந்தக் கல்லின் அடிப்பக்கத்தைத் தாண்ட முடியாமல் திரும்பிப் போவதற்கு! தானியத்தைக் காப்பாற்றுகிற கவலை எந்த தேசத்துக் குடும்பத்துக்கும் ஒன்றுதான் போலிருக்கிறது.

இந்தக் கிராமத்தைச் சுற்றி 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரங்கள் முப்பதுக்கும் மேற்பட்டு நிற்கின்றன. ஆனால் வருகிறவர்கள் கண் எல்லாம் ஒன்றின் மேல்தான். மாட்டர்ஹார்ன்; உயரம் 4,478 மீட்டர். மற்ற மலைகள் ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு நிற்கும்போது, இது மட்டும் யாரோடும் பேச மாட்டேன் என்பதுபோல் தனியாக, கூராக, தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு நிற்கிறது.

1865-ம் வருஷம் ஜூலை 14-ந் தேதி அதன் உச்சியை முதன் முதலாக ஏழு பேர் அடைந்தார்கள். எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேயர் அவர்களில் முக்கியமானவர். ஏறும்போது ஏழு பேர். கிராமத்துக்குத் திரும்பியதோ மூன்று பேர். இறங்கும் வழியில் அனுபவமில்லாத 19 வயது வாலிபன் ஹாடோ கால் வழுக்கி, முன்னால் இருந்த வழிகாட்டி மிஷேல் க்ரோவின் மேல் விழுந்தான். எல்லோரும் ஒரே கயிற்றில் பிணைந்திருந்தார்கள் அல்லவா? ஹட்ஸன் என்ற பாதிரியாரும், இளம் பிரபுவான பிரான்ஸிஸ் டக்ளஸும் பின்னாலேயே இழுபட்டார்கள். டக்ளஸுக்கும் மூத்த டௌக்வால்டருக்கும் இடையே கயிறு அறுந்தது. கீழே போனவர்கள் நாலு பேர். மேலே மிஞ்சியவர்கள் விம்பரும், டௌக்வால்டர் தகப்பனும், அவருடைய மகனும். டக்ளஸின் உடல் கிடைக்கவே இல்லை. டௌக்வால்டர் தன் உயிருக்குப் பயந்து கயிற்றை அறுத்துவிட்டார் என்று வதந்தி கிளம்பியது. விசாரணையில் அவர் மேல் குற்றம் இல்லை என்று ஆயிற்று. ஆனால் வதந்திக்கு விசாரணையைப் பற்றி என்ன கவலை! அறுந்த அந்தக் கயிற்றின் துண்டு இன்றும் ஸெர்மாட் காட்சிசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இவ்வளவு மெல்லிய கயிற்றை நம்பியா நாலு பேர் இறங்கினார்கள் என்று பார்ப்பவர்கள் மனம் பதறுகிறது.

இதற்குப் பிறகு ஒரு பெண் அங்கே ஏறத் துணிவாளா என்று கேட்பீர்கள். இரண்டே வருஷத்தில் துணிந்தாள். இத்தாலிப் பக்கத்து மலைவாசிகள் வீட்டுப் பெண், பெலிஸிதே காரெல். 1867-ல் உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழே வரை போய்விட்டாள். அங்கே திரும்ப வேண்டி வந்தது. காற்று பாவாடைக்குள் புகுந்து பலூன் மாதிரி தூக்கியது, மேலே கால் வைக்க விடவில்லை என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, அவள் நின்ற இடத்துக்கு அவள் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பிறகு வந்தார் லூஸி வாக்கர் அம்மாள். லிவர்பூல் நகரத்து வர்த்தகர் குடும்பம். மூட்டுவலிக்கு நடப்பது நல்லது என்று டாக்டர் சொன்னாராம். அதற்காக 1858-ல் ஆல்ப்ஸுக்குப் போனவர், நடை போதாதென்று ஏறவே ஆரம்பித்துவிட்டார். தகப்பனார், தம்பி எல்லோருக்குமே மலைப் பைத்தியம். விம்பர் வரைந்த பிரசித்தமான படம் ஒன்று உண்டு. 1864-ல் ஸெர்மாட் ஹோட்டல் வாசலில் மலையேறும் பெரிய மனிதர்கள் எல்லாம் கூடி நிற்பதாக. அத்தனை தாடி மீசைகளுக்கு நடுவே, வாசற்கதவண்டை ஒரே ஒரு பெண் நிற்கிறாள். அது லூஸிதான்.

1871 ஜூலையில் இவர் காதில் ஒரு செய்தி விழுந்தது. அமெரிக்க மாதான மெட்டா பிரெவூர்ட், மாட்டர்ஹார்னில் ஏறத் திட்டம் போடுகிறார் என்று. லூஸி அம்மாள் யோசிக்கவில்லை. தகப்பனாரையும், எப்போதும் உடன்வரும் வழிகாட்டி மெல்கியார் ஆண்டெரெக்கையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். நீளமான கவுனை மாற்றவில்லை. மலைமேல் அவருக்குப் பிடித்த ஆகாரம் ஸ்பான்ஜ் கேக்கும் ஷாம்பேனும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். (நம் வீட்டில் என்றால் புளியோதரையும் வடாமும் கட்டியிருப்போம்!) அந்த உச்சியில் நின்ற முதல் பெண் அவர்தான். லண்டன் ‘பஞ்ச்’ பத்திரிகை பாட்டுக் கட்டிப் புகழ்ந்தது.

பிரெவூர்ட் அம்மாள் ஸெர்மாட் வந்து சேர்ந்தபோது காரியம் முடிந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு ஊருக்குத் திரும்பினாரா? இல்லை. செப்டம்பரில் ஸ்விட்ஜர்லாந்துப் பக்கம் ஏறி இத்தாலிப் பக்கம் இறங்கினார். அந்த மலையை அப்படிக் கடந்த முதல் பெண் அவரே. இவரை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்பதில்லை. பீட்ச்ஹார்ன் என்ற சிகரத்தில் ஏறிய அனுபவத்தை இவர் எழுதினார். 1872-ல் மலையேற்றச் சங்கத்தின் பத்திரிகை அதைப் பிரசுரித்தது. ஆனால் மருமகன் கூலிட்ஜ் பெயரில்! உயிரைப் பணயம் வைத்து ஏறியது அத்தை, பெயர் மருமகனுக்கு. லண்டனில் 1857-ல் ஆரம்பமான அந்தச் சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை. 1907-ல் பெண்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். பின்னால் அதன் தலைவி ஆனவர்களில் நம் லூஸி அம்மாளும் ஒருவர். ஆண்கள் சங்கத்துக் கதவு திறந்து, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது 1975-ல்தான். சிகரம் ஏறிய பிறகு அந்தப் படியைத் தாண்ட நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பெண்கள் சங்கத்தின் முதல் தலைவி எலிஸபெத் லெ ப்ளாண்ட் என்பவர் பெரிய இடத்துப் பெண். மலைக்கு வருமுன் தன் காலணியைத் தானே மாட்டிப் பழக்கமில்லாதவர். அதற்கு ஒரு வேலைக்காரி உண்டு. இவர் ஊர்க்காரர் கண் மறையும் வரை பாவாடையோடு நடந்து, பிறகு அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போட்டிருந்த கால்சட்டையோடு ஏறுவார். திரும்பும்போது மறுபடி பாவாடை! மலைக்கு எது சௌகரியம் என்று தெரியும். ஊருக்கு எது சௌகரியம் என்றும் தெரியும்.

அதெல்லாம் கயிறும் கோடாரியும் வேண்டிய சமாசாரம். வெறும் காலால் நடந்து பார்க்க ஆசைப்படுகிற சகோதரிகளுக்கும் அங்கே வழி இருக்கிறது. 1898-ல் ஓடத் தொடங்கிய பல்சக்கர மின்சார ரயில், அரைமணி சொச்சத்தில் 3,089 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோர்னர்கிராட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். உலை தளபுளவென்று கொதிக்கும், அரிசி மட்டும் வேகாது! இறங்கும்போது நடந்தே வரலாம். வழியில் ரிஃபல் ஏரி. காற்று இல்லாத காலைப் பொழுதில் மாட்டர்ஹார்ன் தலைகீழாக அதிலே நிற்கும். இன்னும் தெம்பு உள்ளவர்களுக்கு ஓபர் ரோட்ஹார்ன் என்ற சிகரம் இருக்கிறது. 3,414 மீட்டர், ஆனாலும் உச்சி வரை நடைபாதை, கயிறு வேண்டாம்.

கைகாட்டி மரங்களில் மைல் கணக்கு இராது. எத்தனை மணி நேரம் என்றுதான் போட்டிருக்கும். வெறும் மஞ்சள் குறி என்றால் யாரும் போகலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை, நல்ல பூட்ஸும் நிதானமும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் நமக்கு அங்கே வேலை இல்லை. கோடையில் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் வரும். ஆகையால் விடிகாலையில் புறப்பட வேண்டும். ஆபத்து நேர்ந்தால் நிமிஷத்துக்கு ஆறு தடவை விளக்கைக் காட்டுவதோ விசில் ஊதுவதோ வழக்கம். பிறகு ஒரு நிமிஷம் சும்மா இருந்து மறுபடி ஆறு. நிமிஷத்துக்கு மூன்று தடவை பதில் வந்தால், யாரோ கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

போகிறவர்கள் சீக்கிரம் போய்வருவது நல்லது. கோர்னர்கிராட்டிலிருந்து தெரிகிற பனியாறு வருஷா வருஷம் சுருங்குகிறது. 2022, 2023 ஆகிய இரண்டே வருஷத்தில் ஸ்விட்ஜர்லாந்தின் பனியாறுகள் தங்கள் பனியில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. உருகும் பனி, தான் விழுங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது. 1970-ல் மாட்டர்ஹார்னில் காணாமற் போன ஜப்பானிய வாலிபர்கள் இருவரின் எலும்புகள் 2014-ல் கிடைத்தன; மறுவருஷம் அவர்கள் யார் என்று உறுதி செய்து வீட்டாருக்குச் சொன்னார்கள். டக்ளஸ் பிரபுவை மட்டும் பனி இன்னும் கொடுக்கவில்லை.