ஆள் மாறியும் நிலைத்த பெயர்

மெக்சிகோவின் டிம்பிரிச்சே 1982இல் டெலிவிசா தொலைக்காட்சி உருவாக்கிய சிறுவர் பாப் குழு. தொடக்கத்தில் ஆறு பேர். அடுத்த ஆண்டு எரிக் ரூபின் ஏழாமவரானார். 1984இல் ‘கிரீஸ்’ இசை நாடகத்தின் ஸ்பானிய வடிவமான ‘வசெலினா’வில் நடித்தார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் பாடல்களும் பதின்பருவக் காதலுக்கு நகர்ந்தன. இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் கலைவது இந்தக் கட்டத்தில்தான். இங்கோ ஒருவர் விலகினால் வேறொருவர் வந்தார்: 1986இல் சாஷா சோகோலின் இடத்துக்கு வந்தவர் தாலியா. தாலியாவும் குழுவின் இன்னோர் உறுப்பினரான பவுலினா ரூபியோவும் பின்னர் தனிப் பாடகிகளாகப் பெற்ற புகழ் குழுவின் புகழையே விஞ்சியது. இப்படி ஆள் மாற்றிய குழுவைத் தொழிற்சாலைச் சரக்கு என்று ஏளனம் செய்வது பாதிதான் நியாயம். குழு நல்ல பயிற்சிக்கூடமாகவும் இருந்தது. 1994இல் குழு கலைந்தபோது எஞ்சியிருந்த தொடக்க உறுப்பினர் தியேகோ ஷோனிங் மட்டுமே. 1998, 2007, 2017 ஆகிய ஆண்டுகளில் பழைய உறுப்பினர்கள் மீண்டும் கூடி மேடையேறினார்கள்.