அதான் கிட் லாக் இருக்கே!

"எல்லாம்தான் கிட்ல இருக்கே, தனியா சேஞ்ச்லாக் எதுக்குடா?"

எங்க ப்ராஜெக்ட் டீமில் நான் வாயைத் திறந்தாலே விழும் பதில் இது. இதில் பாதி நியாயம், மீதி சுத்த சோம்பேறித்தனம்.

நியாயத்தை முதலில் ஒத்துக்கொள்கிறேன். குனு ப்ராஜெக்ட்டுகளில் சேஞ்ச்லாக் என்றொரு ஃபைல் உண்டு. யார், என்றைக்கு, எந்த ஃபங்ஷனை மாற்றினார் என்று கையால் எழுதுவார்கள். சி.வி.எஸ். காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. சி.வி.எஸ். ஒவ்வொரு ஃபைலின் வரலாற்றையும் தனித்தனியாக வைத்திருக்கும். பத்து ஃபைலைத் தொட்டது ஒரே மாற்றம்தான் என்று அதற்குத் தெரியாது. 2005-ல் வந்த கிட்டில் அந்த வேலையை கமிட்டே செய்துவிடுகிறது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. எல்லோரும் ஒரே ஃபைலின் தலையில் எழுத, மெர்ஜ் செய்யும்போதெல்லாம் முட்டிக்கொண்டது. அதைத் தீர்க்கவே 'கிட்-மெர்ஜ்-சேஞ்ச்லாக்' என்று தனி ப்ரோக்ராம் எழுதினார்கள் என்றால் பாருங்கள் :-) 2020-ல் கிட்டுக்கு மாறிய ஜி.சி.சி., அதே ஆண்டில் கமிட் செய்திகளிலிருந்து ஸ்கிரிப்ட் மூலம் சேஞ்ச்லாக்கை உருவாக்க ஆரம்பித்தது. நல்ல முடிவு.

இப்போது சோம்பேறித்தனம். போன செமஸ்டரில் ஒரு லைப்ரரியை அப்டேட் செய்தோம். தேதியை நாள்/மாதம் என்று படித்துக்கொண்டிருந்த ஃபங்ஷன், மாதம்/நாள் என்று படிக்க ஆரம்பித்துவிட்டது. மாதத்தின் 12-ஆம் தேதி வரை சத்தமே இல்லை, எல்லாம் தப்பாக சேவ் ஆனது. 13-ஆம் தேதிதான் எரர் வந்தது. மறுநாள் டெமோ! ரிலீஸ் நோட்ஸைத் திறந்தால் கிட் லாக்கை அப்படியே கொட்டி வைத்திருக்கிறார்கள். "ஃபிக்ஸ்", "மறுபடி ஃபிக்ஸ்", "டைப்போ"... நடுவில் "பார்சர் க்ளீனப்" என்று ஒரு வரி. அதுதான் எங்கள் தூக்கத்தைத் தின்றது.

மாசக் கணக்கு எவ்வளவு என்று கேட்டால் அண்ணாச்சி கடைப் பேரேட்டைத் தூக்கிக் கையில் கொடுப்பாரா?

கமிட் செய்தி, கோடைத் தொடப்போகிறவனுக்கு: ஏன் மாற்றினேன் என்று சொல்வது. சேஞ்ச்லாக், பயன்படுத்துகிறவனுக்கு: உனக்கு என்ன மாறும், நீ என்ன செய்யவேண்டும் என்று சொல்வது. குனுவே இதற்காக 'நியூஸ்' என்று தனி ஃபைல் வைக்கச் சொல்கிறது.

"ஸ்கிரிப்ட் போட்டு எடுத்துக்கலாமே?" எடுக்கலாம். "பார்சர் க்ளீனப்" என்றுதான் எடுக்கும். அது யார் தலையில் விழும் என்பது மாற்றியவனுக்குத்தான் தெரியும்.

எல்லா கமிட்டுக்கும் எழுதச் சொல்லவில்லை. பயன்படுத்துகிறவனைத் தொடும் மாற்றத்துக்கு மட்டும் ஒரே ஒரு வரி, மாற்றிய அன்றே. அந்த ஒரு வரி இருந்திருந்தால் நாங்கள் நாலு பேர் அன்று தூங்கியிருப்போம்.