திருடனைத் திருப்பித் தாக்கலாமா?

ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் திருடன் புகுந்து விட்டான். அவனுடைய கம்ப்யூட்டருக்குள் கம்பெனியும் புகுந்து தாக்கலாமா?

"கூடாது" என்கிறது அமெரிக்கச் சட்டம். பிறர் கம்ப்யூட்டருக்குள் அனுமதி இன்றிப் புகுவது, 1986-ம் ஆண்டு சட்டப்படி அங்கே குற்றம். இதைத் தளர்த்த, பிரதிநிதிகள் சபை உறுப்பினர் டாம் கிரேவ்ஸ் 2017-ல் ஒரு மசோதா கொண்டு வந்தார். 2019-ல் மறுபடியும் கொண்டு வந்தார். இரண்டு முறையும் அது நிறைவேறவில்லை.

நிறைவேறாததே நல்லது!

கம்ப்யூட்டர் திருடன் தன் வீட்டில் நின்று கல் எறிவதில்லை. அடுத்தவர் வீட்டு மாடியில் ஏறி நின்று எறிகிறான்.

2016 அக்டோபரில் "டைன்" என்ற அமெரிக்க இன்டர்நெட் கம்பெனி தாக்கப்பட்டது. டுவிட்டர் முதலிய பல தளங்கள் முடங்கின. தாக்கியவை எவை? வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருந்த காமிரா போன்ற சாதனங்கள்! அவற்றைத் திருடர்கள் ரகசியமாகக் கைப்பற்றி ஏவினார்கள். சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது.

திருப்பித் தாக்கினால் அடி யாருக்கு? அந்த அப்பாவிகளுக்கு! திருடன் ஒளிந்திருப்பது ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் என்றால், நோயாளிகளின் கதி என்ன?

பறிகொடுத்தவரின் கோபம் நியாயமே. போலீஸ் விசாரணை தாமதமாவதும் உண்மையே. அப்படியானால், போலீசுக்கு ஆட்களும் கருவிகளும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கம்பெனி தன் கதவை இறுகப் பூட்டட்டும். தடயங்களைப் போலீசிடம் ஒப்படைக்கட்டும்.

தண்டிக்கும் தடி, சர்க்கார் கையிலேயே இருக்கட்டும்!