புகை போன பின்னும்

"நான் சுருட்டா பிடித்தேன்? எனக்கேன் இந்த இரைப்பு?" என்று கேட்கும் பாட்டி உங்கள் வீட்டிலும் இருக்கலாம், சகோதரிகளே! கேள்வி நியாயந்தான். ஆனால் வருஷக்கணக்கில் ஊதிய விறகு அடுப்பும் நுரையீரலுக்கு ஒரு சுருட்டுதான். சி.ஓ.பி.டி. என்று டாக்டர்கள் சொல்லும் மூச்சடைப்பு நோய் அதனாலும் வரும்.

புகை பட்டதும் சுவாசக் குழாயின் உயிரணுக்கள் 'இன்டர்லூகின் 8' என்ற ரசாயனத் தூது விட்டு, ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை அழைக்கின்றன. கிருமியைக் கொல்ல வந்த இவை கக்கும் எலாஸ்டேஸ் என்ற பொருள், நுரையீரல் சுருங்கி விரிய உதவும் நாரையே அரித்துவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை! இதற்குக் கடிவாளமாக நம் கல்லீரல் ஒரு புரதம் சுரக்கிறது. சிலருக்கு அது பிறவியிலேயே குறைவு என்று 1963-ல் ஸ்வீடனில் லாரெலும் எரிக்ஸனும் கண்டார்கள்.

தொல்லை என்னவென்றால், காஸ் அடுப்பு வந்து புகை ஓய்ந்த பிறகும் பலருக்கு அந்தத் தூது ஓய்வதில்லை. வேறு இரு தூதுகளைத் தடுக்கும் டூபிலுமாப் ஊசிக்கு 2024-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ரத்தத்தில் ஈயோசினோபில் மிகுந்தவர்களுக்கு மட்டுந்தான். அரித்துப்போன நாரை அதுவும் மீட்டுத் தராது. ஆகவே, 'வயசாச்சு' என்று விடாமல், குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனைக்குப் பாட்டியை அழைத்துப் போங்கள்.