மருந்தும் மௌனமும்



எட்டாம் கட்டளை என்றதும் நாவினால் உரைக்கப்படும் பொய்யே நம் நினைவுக்கு வருகிறது. அதை எளிதில் இனங்கண்டு, பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிடவும் செய்கிறோம். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும் பிறன் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? திருப்பலியின் தொடக்கத்தில் சிந்தனை, சொல், செயல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளாமல், கடமையில் தவறியதையும் சேர்த்தே நாம் அறிக்கையிடுகிறோம். அந்த நான்காம் வகைப் பாவத்தின் பாரம் எவ்வளவு என்பதை பிரான்சு நாட்டில் நடைபெற்ற ஒரு வழக்கு உலகுக்கு உணர்த்தியது.

அந்நாட்டின் செர்வியே என்னும் மருந்து நிறுவனம், 1976ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு நவம்பர் வரை, ‘மெடியாட்டர்’ என்னும் மாத்திரையை விற்றுவந்தது. இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும், பருத்த உடலுள்ள நீரிழிவு நோயாளிகளுக்கும் உரிய துணை மருந்து என்றே அதற்கு அனுமதி பெறப்பட்டிருந்தது. ஆயினும் அது பசியை அடக்கும் இயல்புடையதாதலால், உடல் மெலிந்தால் போதும் என்று வந்தவர்களுக்கும் மருத்துவர்கள் அதை எழுதிக் கொடுத்தனர். அவ்வாறு 33 ஆண்டுகளில் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் அதை உட்கொண்டனர். அவர்களுள் மிகப் பலர் பெண்கள்.

அம்மாத்திரையில் இருந்த பொருள் பென்ஃபுளூரெக்ஸ். அது உடலுக்குள் சென்றதும் நார்ஃபென்ஃபுளூரமைன் என்னும் வேறொரு பொருளாக மாறுகிறது. அப்பொருள் இதய வால்வுகளைத் தடிக்கச் செய்கிறது. தடித்த வால்வு சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. சிலருக்கு நுரையீரலின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் உயர்ந்து, படியேறினாலே மூச்சு முட்டும் நிலை உண்டாகிறது. இது எவரும் அறியாத இரகசியமன்று. ஃபென்ஃபுளூரமைன் வகையைச் சேர்ந்த மெலிவு மருந்துகள் உடலில் இதே பொருளாகவே மாறின. அவை இதயத்தைக் கெடுக்கின்றன எனக் கண்டு, 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவிலும் பிரான்சிலும் விற்பனையினின்று நீக்கினார்கள். அமெரிக்காவில் அவற்றை விற்ற நிறுவனம், பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்குகளின் விளைவாக, 1999இல் 375 கோடி டாலர் அளவிலான இழப்பீட்டு உடன்பாட்டுக்கு இணங்க நேர்ந்தது.

தங்கையை வீட்டைவிட்டு விலக்கிய பின்னரும் தமக்கை கடைத்தெருவில் உலவினாள் என்பதுபோல், மெடியாட்டர் மட்டும் பிரான்சில் இன்னும் 12 ஆண்டுகள் விற்கப்பட்டது. பென்ஃபுளூரெக்ஸ் என்னும் பெயரின் இறுதியிலுள்ள ‘ஓரெக்ஸ்’ என்பதே, பசியடக்கும் மருந்துகளுக்கென உலகச் சுகாதார நிறுவனத்தின் பெயரிடும் முறையில் வகுக்கப்பட்ட குறியாகும். உண்மை பெயரிலேயே பொறிக்கப்பட்டிருந்தும், இது பசியடக்கி வகையைச் சேர்ந்ததன்று என்றே நிறுவனம் சாதித்துவந்தது. 1999இல் மார்செய் நகரத்து இதயநோய் மருத்துவர் ஒருவர், இம்மருந்தை உண்டவரின் வால்வு பழுதுபட்டதைக் கண்காணிப்பு அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பல ஆண்டுகளுக்கு முன்னரே விற்பனை நின்றுபோயிற்று. பிரான்சிலோ மௌனம் நீடித்தது.

அம்மௌனத்தைக் கலைத்தவர் பிரெஸ்ட் நகர மருத்துவமனையின் நுரையீரல் மருத்துவரான இரேன் ஃபிராஷோன் என்னும் பெண்மணி. 2007இல் தம்மிடம் வந்த நோயாளி ஒருவர் மெடியாட்டர் உண்டுவந்ததை அறிந்த அவர், பழைய மருத்துவக் குறிப்பேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். வால்வு கெட்டவர்களின் வரலாற்றில் அதே மாத்திரையின் பெயர் மீண்டும் மீண்டும் தென்பட்டது. 2009இல் மருந்து நிறுத்தப்பட்ட பின்னரும், உண்ட மக்களுக்கு உண்மை எட்டவில்லை என்று கண்டு, 2010இல் நூலொன்றை வெளியிட்டார். எத்தனை பேர் மாண்டனர் என்று வினவும் துணைத்தலைப்பை அதன் அட்டையினின்று நீக்கும்படி நிறுவனம் நீதிமன்ற ஆணை பெற்றது. மேல்முறையீட்டில் 2011இல் அவ்வாணை தள்ளுபடியாயிற்று.

பாரிஸ் நகரில் 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய குற்றவியல் விசாரணையில் 6,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டவர்களாக இணைந்தனர். 2021ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் வந்த தீர்ப்பு, நிறுவனம் நோயாளிகளை ஏமாற்றியதென்றும், கருதாமல் உயிரிழப்பும் காயமும் விளைவித்ததென்றும் கண்டு, 27 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. மருந்துகளைக் கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்பும் கடமை தவறியதற்காக 3,03,000 யூரோ அபராதம் பெற்றது. அபாயத்தை முன்னரே அறிந்து மறைத்தோம் என்பதை நிறுவனம் மறுத்தது. எனினும் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் மோசடிக் குற்றத்தையும் சேர்த்து, மக்களின் மருத்துவக் காப்பீட்டு அமைப்புகளுக்கு 41 கோடி யூரோவுக்கு மேல் திருப்பித் தருமாறு தீர்ப்பளித்தது.

அன்பர்களே, எசேக்கியேல் இறைவாக்கினரின் ஆகமத்தில் வரும் காவற்காரனை நினைவுகூருங்கள். வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாதவன், மாண்டவர்களின் இரத்தத்திற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார் ஆண்டவர். அவன் யாரையும் வெட்டவில்லை. ஊத வேண்டிய நேரத்தில் ஊதவில்லை, அவ்வளவே. மருந்து செய்வோனும், அதை அனுமதிப்போனும், எழுதிக் கொடுப்போனும் இத்தகைய காவற்காரர்கள் அல்லரோ? நோயாளிக்கு வேதியியல் தெரியாது. அவன் நம்பிக்கையினால் மட்டுமே வாயைத் திறந்து மாத்திரையை விழுங்குகிறான். அந்நம்பிக்கையை விலைக்கு விற்பது ஏழாம் கட்டளைக்கும் எட்டாம் கட்டளைக்கும் ஒருங்கே விரோதமானது. ஐந்தாம் கட்டளையும் அங்கே மீறப்படுகிறது.

ஆயினும், கிறிஸ்தவன் வழக்குத் தொடுக்கலாமா, மன்னிப்பதன்றோ நம் நெறி, என்று சிலர் வினவலாம். மன்னிப்பு வேறு, ஈடு செய்தல் வேறு. திருடியவன் பாவசங்கீர்த்தனம் செய்தபின்னும் திருடிய பொருளைத் திருப்பித் தரும் கடமையினின்று விடுபடுவதில்லை என்பது திருச்சபையின் பழம் போதனை. சக்கேயு தன் மனமாற்றத்தை வாயால் மட்டும் சொல்லவில்லை. வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக உறுதியளித்தார். பாதிக்கப்பட்டவர் உள்ளத்தில் பகையின்றி இருந்துகொண்டே நீதி கேட்கலாம். அவர் பெறும் பணம் பழுதுபட்ட வால்வைப் புதுப்பிக்காது. ஆனால் அவர் எழுப்பும் குரல், அடுத்த பெட்டியைத் திறக்கவிருக்கும் முன்பின் அறியாத சகோதரியைக் காக்கும். அதுவும் பிறரன்புச் செயலே. அதே வேளையில், இல்லாத நோயை உண்டென்று சொல்லி இழப்பீடு கேட்பதும் பொய்ச்சாட்சியே என்பதை மறவாதிருப்போம்.

இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று. உடல் மெலிவதற்கான புதிய ஊசி மருந்துகள் 2025ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்துள்ளன. இரைப்பை இயக்கம் முடங்கும் ஆபத்தைப் போதிய அளவு எச்சரிக்கவில்லை என்று அமெரிக்காவில் அத்தகைய மருந்துகள்மீது தொடுக்கப்பட்ட வழக்குகள், 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் பென்சில்வேனியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒருங்கே விசாரிக்கச் சேர்க்கப்பட்டன. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்துள்ளன. தீர்ப்புக்கு முன்னே நாம் தீர்ப்பிடலாகாது. இவை பழைய மாத்திரையினின்று வேறுபட்டவை. நீரிழிவாலும் மிகுந்த உடற்பருமனாலும் துன்புறுவோர் பலருக்கு மெய்யான நன்மை தருபவை. மருந்தை வெறுப்பது விசுவாசமன்று. மருத்துவரை மதிக்க வேண்டும் என்றும், மருந்தும் இறைவன் படைப்பே என்றும் சீராக்கின் ஞான ஆகமம் போதிக்கிறது.

ஆகவே, மருந்துச்சீட்டைப் பெறும்போது மூன்று கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். இது எந்த நோய்க்கு? இதனால் வரக்கூடிய தீங்கு என்ன? எந்த அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும்? கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. அண்டை வீட்டாருக்கு எழுதித் தந்த மருந்தை நீங்கள் உண்ணாதீர்கள். உங்களுடையதைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். மருந்துச்சீட்டையும் பெட்டியிலுள்ள தாளையும் பத்திரமாக வையுங்கள். தீங்கு நேர்ந்தால் மருத்துவரிடம் சொல்வதோடு, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800 180 3024 வழியாகவும் தெரிவிக்கலாம். ஒருவரின் முறையீடு சிறிதே. பல முறையீடுகள் சேர்ந்தால் எக்காளமாகும்.

பெற்றோரே, உங்களுக்கு இறுதியாக ஒரு சொல். பெண் பார்க்க வருவோர் என்ன சொல்வார்களோ என்று, உடல்நலமுள்ள மகளின் தட்டில் கண்வைத்து அவள் பருமனைக் குத்திக்காட்டும் வீடுகள் நம் பங்குகளிலும் உண்டு. பிரான்சில் அம்மாத்திரையைத் தேடிச் சென்றவர்களுள் எத்தனையோ பேர் நோயினால் அன்று, தம் உடலைப் பற்றிய வெட்கத்தினால் சென்றனர். அந்த வெட்கத்தை எந்தத் தொழிற்சாலையும் உற்பத்தி செய்ய வேண்டியதில்லை. உணவு மேசையிலேயே அது விளைகிறது. உங்கள் பிள்ளையின் உடல் தூய ஆவியின் ஆலயம். அதன் நலத்தைப் பேணுங்கள். அதன் வடிவத்தை ஏளனம் செய்யாதீர்கள். சொல்லத் தகாததைச் சொல்லாமலும், சொல்ல வேண்டியதை மறைக்காமலும் வாழும் வரத்தை உண்மையின் ஆண்டவர் நம் இல்லங்கள் அனைத்திற்கும் அருள்வாராக.