அன்லிமிடெட்னா எவ்வளவு பாஸ்?

ஃபேர்வெல் வேலை ஆரம்பிச்சாச்சா? தலைக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணியாச்சு, சாப்பாட்டுக்கு ஆள் சொல்லியாச்சு, டி.ஜே.வுக்கு ஹெச்.ஓ.டி. 'நோ' சொல்லியாச்சு. அடுத்து கமிட்டியில யாராவது ஒருத்தர் எழுந்து, "மச்சி, போட்டோ பூத் வைக்கலாம்டா!"ன்னு சொல்லுவாங்க. எல்லாரும் கை தட்டுவாங்க. உங்க தலைவலி அங்கேதான் ஸ்டார்ட்!

பூத் வாடகைக்கு விடுறவரைக் கூப்பிட்டா முதல்ல காதுல விழற வார்த்தை, 'அன்லிமிடெட் பிரின்ட்'. கேட்கவே ஜில்லுன்னு இருக்கும். ஆனா ஒரு நிமிஷம் பாஸ்... எத்தனை பேருக்கு அன்லிமிடெட்? ஒரு தடவை போஸ் கொடுத்தா எத்தனை காப்பி? இதைக் கேட்காம அட்வான்ஸ் கொடுத்தா, பூத்துக்குப் பக்கத்துல நிக்கிற ஒரு கேங் மட்டும் பத்து தடவை போட்டோ எடுக்கும். மத்தவங்க க்யூவைப் பார்த்துட்டு பஸ் ஏறிடுவாங்க. காசு மட்டும் எல்லாரும் ஒரே மாதிரிதான் கொடுத்திருப்பாங்க!

முதல்ல கணக்கு

கால்குலேட்டரை எடுங்க. ஃபைனல் இயர் 120 பேர், ஜூனியர்ஸ் 120 பேர், மொத்தம் 240 பேர்னு வெச்சுக்குவோம். ஒரு தடவைக்கு நாலு பேர் நின்னா 60 குரூப். ஆனா யாராவது ஒரே ஒரு போட்டோவோட விடுவாங்களா? கிளாஸ் கேங்கோட ஒண்ணு, ப்ராஜெக்ட் பேட்ச் இல்லேன்னா ஹாஸ்டல் ரூம்மேட்ஸோட ஒண்ணு. ஆளுக்கு ரெண்டுன்னு வெச்சாலே 120 தடவை. உள்ளே வர, போஸ் கொடுக்க, வெளியே போக எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு ஒன்றரை நிமிஷம். மொத்தம் 180 நிமிஷம். அதாவது மூணு மணி நேரம் கேப்பே இல்லாம ஓடணும்.

இப்போ உங்க ப்ரோக்ராம் ஷீட்டைப் பாருங்க. மதியம் சாப்பாடு, சீஃப் கெஸ்ட் ஸ்பீச், மெமென்டோ, டான்ஸ். 'எல்லாம் முடிஞ்சு 3 மணிக்கு பூத் ஓப்பன்'னு போட்டிருப்பீங்க. காலேஜ் பஸ் நாலரைக்குக் கிளம்பிடும்! கையில இருக்கிறது வெறும் ஒன்றரை மணி நேரம். பாதிப் பேருக்கு போட்டோ கட். அந்தப் பாதி யாருன்னு தனியா சொல்லணுமா? பஸ்ல வர்றவங்க, ஹாஸ்டல் இன்-டைமுக்கு ஓடுறவங்க.

தீர்வு சிம்பிள். பூத்தை நிகழ்ச்சிக்கு முன்னாடியே திறங்க. காலையில எல்லாரும் பட்டுப் புடவையும் வேட்டி சட்டையுமா ஃப்ரெஷ்ஷா வர்ற நேரம்தான் பெஸ்ட். பஸ் ஸ்டூடன்ட்ஸுக்கு முதல் டோக்கன். ஹால்ல ஸ்பீச் ஓடும்போது மட்டும் க்ளோஸ்.

வாடகை நேரம் எப்போ ஆரம்பிக்குதுன்னும் கேளுங்க. மெஷினை இறக்கி செட் பண்ற நேரமும் அந்த மூணு மணி நேரத்துல சேருமா? நடுவுல மூடி வெச்சிருக்கிற நேரத்துக்கும் காசா? கூடுதல் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு? மூணுக்கும் பதில் வாங்கிட்டுத்தான் அட்வான்ஸ்.

யாருக்கு ஸ்ட்ரிப்?

பூத்துல வர்ற பிரின்ட் பெரும்பாலும் 4க்கு 6 இன்ச் பேப்பர். அதை நீளவாக்குல ரெண்டா வெட்டினா 2க்கு 6 ஸ்ட்ரிப் ரெண்டு கிடைக்கும். நாலு பேர் நின்னு ஒரு ஷீட் வந்தா ரெண்டு பேருக்குத்தான் ஸ்ட்ரிப். மிச்ச ரெண்டு பேர் 'நீ ஸ்கேன் பண்ணி அனுப்புடி'ன்னு சொல்லிட்டுப் போகணும். அது வந்து சேராதுன்னு உங்களுக்கே தெரியும்!

அதனால 'தலைக்கு ஒரு ஸ்ட்ரிப்'னு பேசுங்க. "கட்டுப்படியாகாது தம்பி"ன்னு சொன்னா, நம்ம கணக்கை எடுத்துக் காட்டுங்க. 120 தடவை, நாலு பேர், 480 ஸ்ட்ரிப், 240 ஷீட். பூத்காரங்க நிறைய பேர் வெச்சிருக்கிற டி.என்.பி. கம்பெனியோட டி.எஸ்.620 பிரின்டர்ல ஒரு ரோலுக்கே 400 ஷீட் வரும். ஒரு ரோலும், கைவசம் ஒரு ஸ்பேரும் இருந்தா வேலை முடிஞ்சுது.

இது வீட்ல இருக்கிற இங்க்ஜெட் இல்லை. டை சப்ளிமேஷன்னு பேரு. ரிப்பன்ல இருக்கிற மஞ்சள், மெஜந்தா, சயான் சாயத்தை சூடாக்கி ஒண்ணு மேல ஒண்ணா பேப்பர்ல ஏத்தி, கடைசியா ஒரு பாதுகாப்புப் பூச்சும் போடும். அதனாலதான் ஈரமே இல்லாம வெளியே வருது. ஒரு ஷீட்டுக்கு சுமார் பத்து செகண்ட்தான். ஆனா 'செலவைக் குறைக்கலாம்'னு யாராவது கேனன் செல்ஃபி மாதிரி குட்டி பிரின்டரைத் தூக்கிட்டு வந்தா உஷார்! செல்ஃபி சி.பி.1500-ல ஒரு ஷீட்டுக்கே சுமார் 41 செகண்ட். நாலு பேருக்கு ரெண்டு ஷீட்னா ஒன்றரை நிமிஷம் அதுலயே காலி. வீட்டுக்கு சூப்பர், க்யூவுக்கு ஆகாது.

நல்ல பிரின்டர்னா லேட் ஆகிறது மெஷினால இல்லை, நம்மாலதான். எந்தக் கூலிங் கிளாஸ், எந்தத் தொப்பின்னு பூத்துக்குள்ள நின்னு யோசிக்கிறோம் பாருங்க, அங்கேதான் நேரம் போகுது. அந்த ப்ராப்ஸ் டேபிளை க்யூ நிக்கிற இடத்துக்கு நகர்த்துங்க. உள்ளே போகும்போதே ரெடியா போவாங்க.

பகிர்ந்துக்கிற ஐடியா ஒண்ணும் புதுசு இல்லை. 1925-ல நியூயார்க் பிராட்வேயில அனடோல் ஜோசஃபோ திறந்த பூத்துல 25 சென்ட்டுக்கு 8 படம் கொடுத்தாங்க. 1995-ல ஜப்பான்ல வந்த 'ப்ரின்ட் கிளப்' மெஷின் இன்னும் ஒரு படி மேலே. ஒரே ஷீட்ல குட்டிக் குட்டி ஸ்டிக்கரா படம் வரும். ஸ்கூல் பொண்ணுங்க அதை வெட்டி, தோழிகளுக்கு ஆளுக்குக் கொஞ்சமா கொடுத்து, நோட்டுல ஒட்டி வெச்சுக்கிட்டாங்க.

எந்த பூத்?

'360 இருந்தாத்தான் கெத்து'ன்னு ஒரு குரூப் நிச்சயம் சண்டை போடும். மேடையில நீங்க நிக்க, கேமரா உங்களைச் சுத்தி வரும். ஸ்லோமோஷன் வீடியோ சும்மா கலக்கலா இருக்கும். ஆனா அதுல கையில பிரின்ட் வராது. மேடையும் சின்னது. ஏறி, இறங்கி, போன் நம்பர் டைப் பண்ணி, வீடியோ அனுப்பி முடிக்க ரெண்டு நிமிஷம்னு வெச்சாலும் மணிக்கு 30 குரூப்தான்.

அதோட ஃபேர்வெல் அன்னிக்கு எல்லாரும் புடவை. காத்துல பறக்கிற முந்தானையும் சுத்துற கையும் ஒண்ணா சேரவே கூடாது. முந்தானையைச் செருகிட்டுத்தான் ஏறணும். சுத்தி கயிறு கட்டணும். மெஷினை உடனே நிறுத்த ஓர் ஆள் பக்கத்துலயே நிக்கணும். இதெல்லாம் முடியாதுன்னா 360-க்கு டாட்டா காட்டிடுங்க.

'கிரீன் ஸ்கிரீன் வெச்சு பாரீஸ்ல நிக்கிற மாதிரி எடுக்கலாம்'னு சொன்னாலும் புடவையை ஞாபகம் வெச்சுக்குங்க. பச்சை நிறம் எங்கே இருந்தாலும் சாஃப்ட்வேர் அதை அழிச்சுட்டு பேக்ரவுண்டைப் போட்டுடும். கிளிப்பச்சைப் பட்டு கட்டின பொண்ணு, ஈஃபிள் டவருக்கு நடுவுல தலையும் கையுமா மிதப்பாங்க! சாதாரண துணி பேக்டிராப் போதும். அதையும் மொட்டை வெயில்ல, காத்துல வைக்காதீங்க. கீழே சாயும். பிரின்டருக்குள்ள தூசி போனா படத்துல வெள்ளைப் புள்ளி விழும். கூரை இருக்கிற வராண்டா ஓகே.

கரன்ட், நெட், எழுத்து

ஸ்பீக்கரும் ஃபோகஸ் லைட்டும் ஓடுற லைன்லயே பூத்தைச் சொருகாதீங்க. காலேஜ் எலெக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட சொல்லி தனி பாயின்ட் வாங்குங்க. கரன்ட் போய் ஜெனரேட்டர் ஆன் ஆகிற அந்தக் கேப்ல பிரின்ட் பாதியில நின்னா ஷீட்டும் வீண், ரிப்பனும் வீண். அதனால 'யு.பி.எஸ். இருக்கா?'ன்னு கேளுங்க.

ஆடிட்டோரியத்துல சிக்னல் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். கியூ.ஆர். கோடு ஸ்கேன் பண்ணி படம் எடுக்க நெட் வேணும். எல்லாப் படத்தையும் நிகழ்ச்சி முடிஞ்ச அன்னிக்கே ஒரு பென் டிரைவ்ல கொடுத்துடணும்னு பேசி வெச்சுக்குங்க.

ஸ்ட்ரிப் டிசைனை ஒரு வாரம் முன்னாடியே பிரின்ட் போட்டுப் பாருங்க. தமிழ்ல வாசகம் போட்டா கண்டிப்பா பாருங்க. சில டிசைன் சாஃப்ட்வேர்ல கொம்பும் காலும் எழுத்தை விட்டு ஓடிப் போயிடும். காலேஜ் லோகோ போடறதுன்னா ஹெச்.ஓ.டி.கிட்ட ஒரு வார்த்தை. பூத்காரங்க வண்டிக்கு கேட்ல பெர்மிஷன் லெட்டரும் வாங்கிடுங்க.

அந்தப் படம் யாரோடது?

இதுதான் சீரியஸ் மேட்டர். நிகழ்ச்சி முடிஞ்சு ரெண்டு நாள்ல, உங்க கிளாஸ்மேட் படம் பூத்காரங்க இன்ஸ்டா பேஜ்ல விளம்பரமா வந்து நின்னா? சில பொண்ணுங்க வீட்ல அது சின்ன விஷயம் இல்லை. ஒரே ஒரு போட்டோவால மேல்படிப்பு, வேலைன்னு எல்லாத்துக்கும் கேள்வி வரலாம். வீடியோ அனுப்பறதுக்குன்னு கொடுத்த போன் நம்பருக்கு அப்புறம் விளம்பர மெசேஜா வந்து குவியவும் சான்ஸ் இருக்கு.

நம்ம நாட்டுல 2023-ல நிறைவேறின டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோட அடிப்படையே சம்மதம்தான். எதுக்காக ஒருத்தரோட தகவலை வாங்கினாங்களோ, அதுக்கு மட்டும்தான் பயன்படுத்தணும். அதனால மூணு வரி எழுதி வாங்குங்க: சம்மதம் இல்லாம எந்தப் படமும் அப்லோட் பண்ணக் கூடாது, நம்பரை வேற எதுக்கும் பயன்படுத்தக் கூடாது, படங்களை ஒப்படைச்சதும் அவங்ககிட்ட இருக்கிறதை அழிச்சுடணும். எல்லார் படமும் ஒரே லிங்க்ல திறந்து கிடக்கிற மாதிரி வேண்டாம். அவங்கவங்க படத்துக்கு அவங்கவங்க கியூ.ஆர். கோடு.

பில்லையும் பார்த்துடுங்க. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவங்க பில்லுல ஜி.எஸ்.டி. போட்டு வாங்க முடியாது. பேசின எல்லாத்தையும், அட்வான்ஸ் எவ்வளவுங்கிறது வரைக்கும், ஒரு பேப்பர்லயோ வாட்ஸ்அப் மெசேஜ்லயோ போட்டு 'ஓகே' வாங்கிடுங்க. 'மெஷின் ரிப்பேர் ஆனா என்ன பண்ணுவீங்க?'ங்கிற கேள்வியும் அதுல இருக்கட்டும்.

கடைசியா ஒரு வேலை. கமிட்டியில ஓர் ஆளை கிளாஸ் நேம் லிஸ்ட்டோட பூத் பக்கத்துல உட்கார வையுங்க. ஸ்ட்ரிப் வாங்கினவங்க பேர்ல டிக். பஸ் கிளம்ப முக்கால் மணி நேரம் முன்னாடி அந்த லிஸ்ட்டைப் பாருங்க. டிக் விழாத பேர் சிலது இருக்கும். எந்த கேங்லயும் சேராதவங்க, கூச்சப்பட்டு ஒதுங்கினவங்க, கேட்டரிங்கைக் கவனிச்சுக்கிட்டு சாப்பிடக்கூட மறந்தவங்க. அவங்களைத் தேடிப் போய், கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து நடுவுல நிறுத்துங்க.

அந்த லிஸ்ட் முழுக்க டிக் விழுந்தாத்தான் உங்க பூத் ஹிட்டு!